முழங்கால் வலிக்கு நீச்சல்குளப் பயிற்சி: காட்பாடி பக்கம் சேர நினைப்பவர்களுக்கு

அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். தரையில் செய்யச் சொன்ன பயிற்சிகளை வலி தாங்காமல் பாதியில் விட்டுவிடுவார். தண்ணீரில் செய்து பாருங்கள் என்று எலும்பு டாக்டர் சொன்னதால், காட்பாடி பக்கம் ஒரு நீச்சல்குளத்தில் பிசியோதெரபிஸ்ட் நடத்தும் வகுப்பில் சேர்த்துவிட்டு, துணைக்கு நானும் இறங்கினேன். சொல்லித்தரும் விதத்துக்கு முழு மார்க், குளத்துக்குப் பாதிதான்.

நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை, இதற்குப் பயந்தே பலர் வரமாட்டேன் என்கிறார்கள். எல்லாம் நின்றபடி செய்வதுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்றாலே கால் தாங்கும் எடை ஏறக்குறைய பாதியாகிவிடும், மார்பளவு என்றால் மூன்றில் ஒரு பங்குதான். வீட்டு வாசற்படி இறங்கவே யோசிக்கும் அம்மா அங்கே முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று நடந்துகொண்டே இருந்தார், பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அப்புறம் ஓரத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது, குதிகாலை உயர்த்துவது, நாற்காலியில் உட்காரப் போவதுபோல் பாதி இறங்கி எழுவது. மெதுவாகச் செய்தால் தண்ணீர் வழிவிடும், வேகத்தைக் கூட்டினால் அதுவே எதிர்த்துத் தள்ளும், அதனால் எடை எதையும் கையில் எடுக்காமலே தசைக்கு வேலை கிடைக்கிறது. பிசியோ மேடம் கரையில் நின்று கத்துவதில்லை, கூடவே தண்ணீரில் நின்று முட்டி உள்பக்கம் சாய்கிறதா என்று பார்த்துத் திருத்துகிறார். பிறகு நாமே செய்துகொள்ள வரிசையை எழுதியும் தருகிறார்.

குறை குளத்தில்தான். இறங்க ஒரு செங்குத்தான இரும்பு ஏணி மட்டும், மூட்டுவலிக்காரர்கள் வரும் இடத்தில்! வேலூர் பாகாயத்தில் 1966-லேயே, கை கால் செயலிழந்தவர்களுக்குப் பயிற்சி தரும் மறுவாழ்வு மையம் தொடங்கிய ஊர் இது. இங்கே கைப்பிடியோடு அகலமான படியாவது கட்ட வேண்டாமா? கரையில் டைல்ஸும் வழுக்குகிறது, ரப்பர் விரிப்பு போடச் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

இன்னொன்று, சிகிச்சைக்கென்றே கட்டும் குளங்களில் தண்ணீர் 33 முதல் 35 டிகிரி வரை வெதுவெதுப்பாக இருக்கும். இங்கே சூடாக்கும் வசதி இல்லை, காலையில் இறங்கினால் மூட்டு இன்னும் இறுகுகிறது. சாயங்காலம் வேலூர் வெயிலே சூடாக்கி வைத்திருக்கும், அந்த நேரத்தையே கேளுங்கள். பெண்களுக்குத் தனி நேரம் உண்டு. நைட்டி தண்ணீரில் மிதந்து காலில் சுற்றும், உடம்போடு ஒட்டிய நைலான் உடைதான் சரி.

ஆறாத புண், காய்ச்சல், வலிப்பு, இதயக் கோளாறு இருந்தால் டாக்டரைக் கேட்காமல் இறங்கவே கூடாது. தண்ணீருக்குள் வியர்ப்பது தெரியாது, குடிக்க ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். பணம் கட்டும் முன் ஒருமுறை நேரில் போய் அந்த ஏணியைப் பாருங்கள், உங்கள் வீட்டுப் பெரியவரால் அதில் ஏறி வர முடியுமென்றால் தாராளமாகச் சேர்க்கலாம்.