வேர்ஜீனியா கசெட் இணையச் சேகரம்: நோட்டீஸ் கோத்தவன் ஒருவனின் மதிப்புரை

யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஓர் அச்சகத்தில் 17 வயதில் எழுத்துக் கோக்கச் சேர்ந்தவன் நான். ஈய எழுத்து, பிறகு ஓப்செற், பிறகு கொம்பியூட்டர் என்று 38 வருடம் ஓடியது. புத்தகம் அச்சிட்ட நாள்கள் கொஞ்சம். மற்றதெல்லாம் நோட்டீஸ்தான். மரண அறிவித்தல், அந்தியேட்டி அழைப்பு, 31ஆம் நாளுக்குக் கல்வெட்டு என்னும் நினைவுப் புத்தகம், கோயில் கொடியேற்றம், காணி உறுதி தொலைந்த அறிவித்தல், அற்றோணித் தத்துவம் (பிறருக்குக் கொடுத்த அதிகாரப் பத்திரம்) இரத்து, புதுக்கடைத் திறப்பு. அதனால் ஒரு பழைய பத்திரிகை கையில் கிடைத்தால் என் கண் முதலில் விளம்பரப் பக்கத்துக்குத்தான் போகும்.

பேத்தி பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். குடியேற்றக் கால அமெரிக்க நகரம் ஒன்றைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமென்று ஓர் இணையத்தளத்தைத் திறந்தவள், "அம்மப்பா, இது உங்கட வேலை" என்று லாப்டொப்பை என் பக்கம் திருப்பினாள். அன்றிலிருந்து மூன்று மாதமாக அதைப் பார்த்து வருகிறேன். அந்தத் தளத்தைப் பற்றித்தான் இந்த மதிப்புரை.

வேர்ஜீனியாவில் வில்லியம்ஸ்பேர்க் என்று ஒரு சிறு நகரம். 1780 வரை அந்த மாகாணத்தின் தலைநகர். அங்கே 1736இல் வில்லியம் பார்க்ஸ் என்ற அச்சுக்காரர் 'வேர்ஜீனியா கசெட்' என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பழைய நகரத்தை மீட்டெடுத்துப் பராமரிக்கும் கொலோனியல் வில்லியம்ஸ்பேர்க் அறக்கட்டளை, 1736 முதல் 1780 வரை வந்து தப்பியிருக்கும் இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. காசு இல்லை. அதே நகரத்தில் பழைய அச்சுக்கூடத்தையும் திரும்பக் கட்டி, வருகிறவர்களுக்குக் கையால் அச்சடித்துக் காட்டுகிறார்கள். அந்த இடத்தைத் தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து பழைய ஈய எழுத்துகள் வந்தனவாம். அதை வாசித்தபோது எனக்கு விரல் நுனி கூசியது. எங்கள் அச்சகத்து முற்றத்திலும் மழை விட்ட பிறகு மண்ணில் ஒரு 'ள'வோ 'ற'வோ மினுங்கிக் கிடக்கும்.

இந்தச் சேகரத்தின் பெரிய நன்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே முழுப் பக்கமும் கிடைக்கிறது. விளம்பரத்தை வெட்டித் தனியாக எடுத்து, "பாருங்கள், எவ்வளவு விசித்திரம்" என்று காட்டும் தளங்கள் நிறைய. அப்படிப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. ஒரு நோட்டீசுக்குப் பொருள் அதன் அயலில்தான் இருக்கிறது. பக்கத்தில் எது கிடந்தது, எது பெரிய எழுத்தில், எது மூலையில் என்று பார்க்க வேண்டும்.

தொழில் தெரிந்தவனாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். பத்திரிகை ஒரு தாள். மடித்தால் நாலு பக்கம். ஒன்றாம் பக்கமும் நாலாம் பக்கமும் தாளின் ஒரே முகத்தில் வரும். அந்த முகத்தை முதலில் அடித்துக் காய விட்டுவிடலாம். ஆகவே அவசரமில்லாத விடயமும் விளம்பரமும் அங்கே போகும். கடைசி நேரத்தில் கப்பலில் வந்த செய்தி உள்ளே இரண்டாம் மூன்றாம் பக்கத்துக்கு. முன்பக்கத்தில் விளம்பரத்தைக் கண்டு பேத்தி ஆச்சரியப்பட்டாள். எனக்கு அது வீட்டு வாசல் மாதிரித் தெரிந்தது.

விலையையும் அச்சிட்டிருக்கிறார்கள். பேர்டி, டிக்சன் என்ற இருவர் நடத்திய காலத்து இதழ்களில், அளவான நீளமுள்ள விளம்பரத்துக்கு முதல் வாரம் 3 சிலிங், அடுத்தடுத்த வாரம் 2 சிலிங். ஏன் குறைகிறது என்று பேத்தி கேட்டாள். கோப்புக் கூலி முதல் வாரத்தோடு முடிந்துவிடும். கோத்த எழுத்தைக் கலைக்காமல் நூலால் இறுகக் கட்டி ஒரு பக்கம் வைத்தால், அடுத்த வாரம் எடுத்து இறக்க வேண்டியதுதான். நாங்களும் அப்படித்தான் செய்தோம். அந்தியேட்டிக்கும் ஆண்டுத் திவசத்துக்கும் வரும் சில வரிகளைக் கலைக்கவே மாட்டோம், பெயரை மட்டும் மாற்றுவோம். அக்கால அமெரிக்கப் பத்திரிகைகளில் விளம்பரத்தின் தலையில் ஒரு கப்பல், ஒரு குதிரை, கம்பும் மூட்டையுமாக நடக்கும் ஓர் ஆள் என்று சின்ன மரக்கட்டைப் படங்கள் வரும். ஒரே படம் திரும்பத் திரும்ப. எங்களிடம் குத்துவிளக்கு, கும்பம், பிள்ளையார், சிலுவை புளொக்குகள் இருந்த மாதிரி.

சரி, என்னென்ன நோட்டீஸ்?

கட்டாக்காலி மாடு குதிரைதான் முதலில் கண்ணில் படும். தன் காணிக்குள் வந்த குதிரையைப் பிடித்தவர் அதன் நிறம், உயரம், குறிசுட்ட எழுத்து எல்லாம் எழுதி, மதிப்பீட்டுத் தொகையையும் போட்டு அறிவிக்கிறார். நிறமும் குறியும் சொல்லும் அந்த நடை நம் ஊரில் மாடு தொலைத்தவர் சொல்லும் நடைதான். பிறகு, "என் மனைவி என் வீட்டை விட்டுப் போய்விட்டாள், அவள் பெயரில் வாங்கும் கடனுக்கு நான் பொறுப்பல்ல" என்ற வகை. அக்கால அமெரிக்கப் பத்திரிகைகளில் இது வாராவாரம் வரும். "இவரின் கொடுக்கல் வாங்கலுக்கு இன்று முதல் நான் பொறுப்பல்ல" என்று நானே எத்தனை கோத்திருப்பேன்! கோக்கும்போது அந்த மனைவி என்ன சொல்லியிருப்பாள் என்று யோசிக்க நேரம் இருந்ததில்லை. இப்போது இருக்கிறது.

காணி விற்பனை நோட்டீசுகளில் ஏக்கர் கணக்கை நான் நிறுத்தி வாசிப்பேன். அதற்குக் காரணம் உண்டு. 1980களில் ஓர் ஏல அறிவித்தலில் 3 பரப்பு 9 குழியை 9 பரப்பு 3 குழி என்று கோத்துவிட்டேன். புரூப் பார்த்தவரும் கவனிக்கவில்லை. நோட்டீஸ் ஒட்டிய பிறகு காணிக்காரர் வந்து நின்றார். சத்தம் போடவில்லை, "தம்பி, என்னைக் கள்ளன் எண்டு நினைப்பினம்" என்றார். அன்றிரவே திருத்தி அடித்து, விடிய முதல் நானே சைக்கிளில் போய் ஒவ்வொன்றின் மேலும் ஒட்டினேன். ஓர் இலக்கத்தில் ஒரு மனிதனின் மானம் இருக்கிறது என்பது அந்த விடியலிலிருந்து எனக்குத் தெரியும்.

உணவுக்கடை விளம்பரம் ஒன்றுக்கு வருகிறேன். 1772 பெப்ரவரியில் ஜேன் வோப் என்ற பெண், ராலி விடுதிக்கு எதிரே 'கிங்ஸ் ஆம்ஸ்' என்ற பெயர்ப்பலகையோடு தன் விடுதியைத் திறந்திருப்பதாக அறிவிக்கிறார். வரும் கனவான்களுக்கு நன்றி சொல்லும் மரியாதையான நடை. நம் ஊர்ப் புதுக்கடைத் திறப்பு நோட்டீசைப் போலவே இருக்கிறது. கடைசியில் ஒரு சிறு குறிப்பு: நல்ல சமையல் ஆள் ஒருவர் தேவை, கூலிக்கு அமர்த்தவோ விலைக்கு வாங்கவோ ஆயத்தம் என்கிறார்.

விலைக்கு வாங்க. நான் அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன். கூலிக்கும் விலைக்கும் நடுவே ஒரு சின்ன 'அல்லது' மட்டும். அந்த எழுத்துகளைக் கோத்தவருடைய கை அந்த இடத்தில் நின்றிருக்காது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் வழக்கமான வரியில் கை நிற்பதில்லை.

இதைவிட நெஞ்சை அடைத்தது 1769 செப்டெம்பரில் வந்த ஒன்று. சான்டி என்ற, 35 வயது மதிக்கத்தக்க அடிமை மனிதர் தப்பிப் போய்விட்டார். பிடித்துத் தருபவருக்கு அதே கவுண்டிக்குள் (மாவட்டம் மாதிரி) என்றால் 40 சிலிங், மாகாணத்துக்குள் வேறெங்கும் என்றால் 4 பவுண், வேறு மாகாணம் என்றால் 10 பவுண். கையொப்பம் தோமஸ் ஜெபர்சன். ஏழு வருடம் கழித்து எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர்தான். சான்டி செருப்புத் தைப்பவர், பெரும்பாலும் இடக்கையால் வேலை செய்பவர், ஓரளவு தச்சு வேலையும் குதிரை ஓட்டமும் தெரிந்தவர், குடிப்பவர், வாய்க்குவந்தபடி ஏசுபவர் என்றெல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு வெள்ளைக் குதிரையையும் தன் செருப்புத் தைக்கும் ஆயுதங்களையும் கொண்டு போயிருக்கிறார். ஆயுதப் பெட்டியை எடுத்துக்கொண்டு போன தொழிலாளி, போகிற இடத்தில் உழைத்துச் சாப்பிட நினைத்திருக்கிறார். அவரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் விவரங்களில் பெரும்பங்கு, அவரைப் பிடிக்க எழுதிய இந்த வரிகளில்தான் இருக்கிறது. பிடிபட்டார். 1773இல் ஜெபர்சன் அவரை 100 பவுணுக்கு விற்றார்.

இந்த விளம்பரத்தை அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் 'பவுண்டர்ஸ் ஒன்லைன்' தளத்திலும் சுத்தமாகத் தட்டச்சிட்டு வைத்திருக்கிறார்கள். கண் தெரியாதவர்களுக்கு அது நல்ல உதவி, நானும் அதை வைத்துத்தான் மங்கிய வரிகளைச் சரிபார்த்தேன். ஆனால் அங்கே அது ஜெபர்சனின் கடிதங்களுக்கு நடுவே, ஒரு பெரிய மனிதரின் தாளாக இருக்கிறது. கசெட் பக்கத்தில் பார்த்தால் காணி, குதிரை, புதிதாகக் கப்பலில் வந்த துணி இவற்றோடு ஒரே அளவு எழுத்தில், ஒரே பத்தியில் கிடக்கிறது. அந்த ஊர் சான்டியை எப்படிப் பார்த்தது என்பதை அந்த இடமே சொல்லிவிடும்.

"அங்க எவ்வளவு கொடுமை" என்று பேத்தி சொன்னபோது, யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் தொகுத்த நம் தேசவழமைச் சட்டத்திலும் அடிமைகளுக்கென்று ஒரு பகுதி இருந்தது, இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்தான் என்று அவளுக்குச் சொன்னேன். அவள் அதைத் தன் கட்டுரையில் சேர்த்துக்கொண்டாள்.

இனிக் குறைகள். சில பக்கங்கள் மிகவும் மங்கல், சிலவற்றில் மை ஊறிக் கறுப்பாகியிருக்கிறது. கைபேசியில் பார்க்கவே வேண்டாம், பெரிய திரை தேவை. 1750களில் பெரிய ஓட்டைகள் உண்டு. அது தளத்தின் பிழை இல்லை, இதழ்களே தப்பவில்லை. பழகாதவருக்கு எழுத்தும் தடுக்கும். எஸ் எழுத்து சொல்லின் நடுவில் வந்தால் எஃப் மாதிரி நீண்டு நிற்கும். துதிக்கை போட்ட பழைய 'லை', 'னை' எழுத்துகளைக் கண்டு இன்றைய பிள்ளைகள் தடுமாறுவது போலத்தான். ஒரு கிழமையில் பழகிவிடும். பெரிய குழப்பம் பெயரில் இருக்கிறது. 1775இல் அந்தச் சிறிய ஊரில் மூன்று பத்திரிகை, மூன்றுக்கும் பெயர் வேர்ஜீனியா கசெட். எந்த அச்சுக்காரருடையது என்று பார்த்துக் குறித்துக்கொள்ளாவிட்டால் பிறகு தேடி எடுக்க முடியாது. நான் ஒரு கொப்பியில் திகதி, அச்சுக்காரர், பக்கம், பத்தி என்று நாலு கோடு போட்டு எழுதுகிறேன். பொருள்வாரியான சுட்டி ஒன்று இருக்கிறது, நல்ல உழைப்பு. அது பக்கத்துக்குக் கொண்டுபோய் விடும், வரியை நாம்தான் தேட வேண்டும். எனக்கு அதில் குறை இல்லை. தேடும்போது கண்ணில் படும் மற்றவைதான் நான் இங்கே சொன்னவற்றில் பாதி.

யாழ்ப்பாணத்தில் இருந்து ஏன் இதைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால், எங்கள் அச்சுக்கும் அமெரிக்காவுக்கும் உறவு உண்டு. 1820இல் அமெரிக்க மிஷன் அனுப்பிய அச்சுக்காரரை ஆங்கில ஆட்சி நாட்டுக்குள் இருக்க விடவில்லை. பிறகு மானிப்பாயில் அவர்கள் அச்சுக்கூடம் நடந்தது. 1841இல் 'உதயதாரகை' பத்திரிகை வந்தது. 1849இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையில் தன் அச்சுக்கூடத்தை நிறுவினார். நான் தொழில் பழகியது அதே வீதிகளில்.

எனக்கு இதில் சொந்த வலியும் இருக்கிறது. நான் கோத்த ஒவ்வொரு நோட்டீசிலும் ஒரு பிரதி எடுத்துக் கோவையில் வைத்திருந்தேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் அச்சுத்தாள் வராமல், கோடு போட்ட கொப்பித் தாளில் அடித்தவையும் அதில் இருந்தன. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் வீட்டை விட்டு நடந்தபோது எடுக்கவில்லை. அரிசியும் மருந்தும் எடுத்தோம். திரும்பி வந்தபோது அலுமாரியே இல்லை. 'நூலகம்' இணையத்தளத்தில் நம் பழைய இதழ்கள், கல்வெட்டுகள் நிறைய இருக்கின்றன, அதைச் செய்பவர்களுக்கு நான் கடமைப்பட்டவன். வீட்டில் பழைய பத்திரிகை வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். கொடுக்கும்போது செய்திப் பக்கத்தை மட்டும் வெட்டிக் கொடுக்காதீர்கள். காணி விற்பனை, தொலைந்த உறுதி, மரண அறிவித்தல் இருக்கும் கடைசிப் பக்கத்தையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்போது 1773க்கு வந்திருக்கிறேன். கணவர் வில்லியம் ரைன்ட் இறந்ததும் கிளமென்ரினா ரைன்ட் என்ற பெண் அச்சுக்கூடத்தைப் பொறுப்பெடுத்து, பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு, அடுத்த வருடம் தான் சாகும் வரை கசெட்டை நடத்தியிருக்கிறார். ஒருவர் பொறுப்பு மாறும்போது கோப்பில் எங்காவது தெரியும், இடைவெளி விடும் முறையிலாவது தெரியும். வரும் ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்ததும் அந்த இதழ்களை வரிசையாகத் திறந்து பார்க்கப் போகிறோம்.