பெர்லினில் அறை: கொள்கை வீடா, ட்ஸ்வெக் வேகேயா?

பெர்லினில் பங்கு வீட்டுக்கு ‘வேகே’ என்று பெயர். இணைய விளம்பரங்களில் இரண்டு வகை. “இடதுசாரி, வீகன் (பால், முட்டைகூடச் சேர்க்காத உணவு)” என்று அறிவிக்கும் கொள்கை வீடு ஒன்று. 1967-இல் மேற்கு பெர்லினில் இடதுசாரி இளைஞர்கள் கூட்டாக வாழத் தொடங்கிய கொம்யூன் 1-இன் வாசனை இதில் இன்னும் போகவில்லை. வாடகையைப் பங்கிட மட்டும் சேரும் ‘ட்ஸ்வெக் வேகே’ மற்றொன்று.

நுழைவு: முன்னதில் சமையலறையில் உட்காரவைத்து நேர்காணல். அரசியல், சாப்பாடு, துப்புரவு முறை எல்லாம் கேட்பார்கள். பெண் பார்க்கும் படலம்தான், பஜ்ஜி மட்டும் கிடையாது.
பின்னதில் வாடகை ஒழுங்காக வருமா என்பதே கேள்வி.

சமையல்: வீகன் வீட்டில் கருவாட்டை மறந்துவிடுங்கள். பின்னதில் வறுக்கலாம், ஜன்னலைத் திறந்துவைத்தால்.

ஊரில் யாரையும் தெரியாதவருக்கு முன்னது. ஆறு மாதப் பயிற்சிக்கு வருபவருக்குப் பின்னது. அப்புறம், எதுவானாலும் அந்த முகவரியில் நீங்கள் அரசு அலுவலகத்தில் பதிவு செய்துகொள்ளச் சம்மதமா என்று முதலிலேயே கேளுங்கள்.