ஆபரேஷன் தியேட்டரில் நோயாளிக்குத் தரும் உடைகள்: எது மறைக்கிறது, எது பெயருக்கு இருக்கிறது

பின்பக்கம் நாடா கட்டும் கவுனைத் திட்டாத நோயாளி குறைவு. அதில் பாதி நியாயம். மீதிப் பாதி, அந்தத் திறப்பு எதற்காக அங்கே இருக்கிறது என்று யாரும் எடுத்துச் சொல்லாததால் வருவது. மயக்கத்தில் மல்லாந்து கிடப்பவரைத் தூக்காமல், புரட்டாமல், கவுனை முன்பக்கமாகவே உருவி எடுக்க முடிய வேண்டும். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்யும்போது முதுகு மட்டும் திறந்தால் போதும். முன்பக்கம் மூடியே இருக்கலாம். இந்த இரண்டு வேலைக்கும் பின்திறப்பு நன்றாகவே ஒத்துவருகிறது.

ஆகவே தியேட்டர் உடை எதுவானாலும் அதனிடம் கேட்க வேண்டியது இதுதான்: வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதை மூடியபடியே விட முடிகிறதா? முழுதாகக் கழற்றினால்தான் வேலை நடக்கும் என்றால், அந்த உடை எவ்வளவு நன்றாக மூடினாலும் பயனில்லை. மேசையில் ஏறிய சில நிமிடங்களில் அது உடம்பை விட்டுப் போய்விடும்.

நாடா கவுனில் நல்லதையும் மோசமானதையும் பிரித்துக் காட்டுவது பின்பக்க மடிப்பு. இரண்டு ஓரமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு சாணாவது ஏறியிருந்தால் நடக்கும்போது விலகாது. மட்டமான கவுன்களில் ஓரத்தோடு ஓரம் தொடும் அளவுக்கே துணி இருக்கும். பருமனானவருக்கு அதுவும் எட்டாது. 'எல்லோருக்கும் ஒரே அளவு' என்று உறையில் அச்சடித்திருந்தால் அதை ஒதுக்கிவிடலாம். இடுப்பு நாடா முதுகின் நடுவில் முடிவதைவிட, சுற்றி வந்து விலாப்பக்கம் முடிவது நல்லது. நோயாளி தானே கட்டிக்கொள்ளலாம், படுத்தபின் முடிச்சு முதுகில் அழுந்தாது. மணிக்கணக்கில் அசையாமல் கிடக்கும் உடம்பில் ஒரு சின்ன முடிச்சுகூடத் தோலைப் பழுதாக்கிவிடும். இழுத்தால் அவிழும் சுருக்குத்தான் போட வேண்டும். இறுகிய முடிச்சை அவசரத்தில் கத்தரிப்பார்கள். பிறகு அந்தக் கவுனைத் திரும்பக் கட்ட நாடா இருக்காது.

தோளில் பிரஸ் பட்டன் வைத்த கவுன் கிடைத்தால் அதையே கேட்டு வாங்குங்கள். கையில் டிரிப் ஓடும்போது, குழாயைக் கழற்றாமல் கவுனை மாற்ற அந்தப் பட்டன்தான் வழி. ஈசிஜி ஒட்டுகளில் இரண்டு தோளுக்குச் சற்றுக் கீழே வரும். பட்டனைத் திறந்தால் மார்பைத் திறக்காமலே ஒட்டிவிடலாம். இடது விலாவின் கீழே வரும் ஒட்டுக்குப் பக்கவாட்டில் கையை உள்ளே விட்டால் போதும். இந்த வசதி இல்லாத கவுனைக் கழுத்திலிருந்து வயிறு வரை இழுத்து இறக்கியே ஒட்ட வேண்டியிருக்கிறது. பட்டன் பிளாஸ்டிக்கா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உலோகமானால் எக்ஸ்ரேயில் நிழல் விழும். எம்ஆர்ஐ அறைக்குள் போகவும் கூடாது.

வார்டிலிருந்து தியேட்டர் வரை நடந்து போக வேண்டியிருந்தால், இரண்டாவது கவுன் ஒன்றை முன்பக்கம் திறக்கும்படி மேலே கோட்டுப் போலப் போட்டுக்கொள்வது பழைய முறை, நல்ல முறை. மேசையில் ஏறும்போது மேலே உள்ளதைக் கழற்றி மேலே போர்த்திக்கொள்ளலாம்.

மூன்று கைத்துளை உள்ள சுற்றுக் கவுனுக்கு இப்போது நல்ல பெயர். இரண்டு கையையும் விட்டபின் மீதித் துணியை உடம்பைச் சுற்றிக் கொண்டுவந்து, மூன்றாவது துளையில் மறுபடி ஒரு கையை விட வேண்டும். நாடாவே வேண்டாம், பின்பக்கம் முழுக்க மூடும். வார்டில் நடமாட இதைவிட நல்லது இல்லை. ஆனால் மயங்கியவர் உடம்பிலிருந்து இதைக் கழற்ற அவரைப் புரட்டியாக வேண்டும், டிரிப் போட்ட கையை இரண்டு துளையிலிருந்து எடுக்க வேண்டும். ஸ்கேனுக்கும் ஆபரேஷனுக்குப் பிறகான நாட்களுக்கும் இதை வைத்துக்கொள்ளலாம், தியேட்டருக்கு வேண்டாம்.

ஒருமுறை போட்டு எறியும் துணிகளில் தடிமனைப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 25 கிராம் எடையுள்ள நெய்யாத துணி விளக்கு வெளிச்சத்தில் உடம்பைக் காட்டிக்கொடுக்கும், நனைந்தால் ஒட்டிக்கொள்ளும். 40 கிராமுக்கு மேல், அடர்நீலம் அல்லது அடர்பச்சை நிறமானால் நிம்மதி. உள்ளே கையை விட்டு விளக்குக்கு நேரே பிடித்து, விரல்களை எண்ண முடிந்தால் அது மறைக்கும் துணி அல்ல. கிழிவது பெரும்பாலும் அக்குள் தையலில். வாங்குவதற்கு முன் அந்த இடத்தை இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள்.

இந்த வகையில் முழு மனதோடு பாராட்டக்கூடியது பெருங்குடல் எண்டோஸ்கோப்பிக்கான அரைக்கால்சட்டை. பின்பக்கம் ஒரு கீறல், அதன்மேல் ஒரு மடிப்பு. கருவி போக வேண்டிய இடம் மட்டும் திறக்கும். முன்பக்கமும் தொடைகளும் கடைசிவரை மூடியிருக்கும். அடிக்கடி நடக்கும் தவறு, கீறலை முன்பக்கம் வைத்துப் போட்டுக்கொள்வது. சாதாரண கால்சட்டையின் முன்திறப்பு மாதிரியே அது தெரிவதால் இந்தக் குழப்பம். பின்பக்கம் எது என்று அச்சிட்டோ, இடுப்புப் பட்டியில் நிற நூலால் குறித்தோ இருக்கும் தயாரிப்பைத் தேர்ந்தெடுங்கள். இதை நோயாளிக்குத் தர மறுக்க மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. கொடுக்காத இடத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

இடுப்பு மூட்டு ஆபரேஷன், தொடை இடுக்கு வழியாகச் செய்யும் ஆஞ்சியோ போன்றவற்றுக்கு இரண்டு பக்கமும் நாடாவோ வெல்க்ரோவோ வைத்த ஜட்டி உண்டு. ஒரு பக்கத்தை மட்டும் திறந்து மடித்துவிட்டு நடுப்பகுதியை மூடி வைக்கலாம். ஆனால் ஆஞ்சியோவுக்கு இரண்டு இடுக்கையும் சுத்தம் செய்து வைப்பதுண்டு என்பதால், நடுத்துணி குறுகலாக இருந்தால்தான் உதவும். அகலமானதைத் தந்தால் மேசையில் எடுத்துவிடுவார்கள்.

சொந்த உள்ளாடை விஷயத்தில்தான் அதிக வருத்தமும் அதிகக் குழப்பமும். கண், காது, மூக்கு, தொண்டை, கை ஆகியவற்றில் செய்யும் சிறிய ஆபரேஷனுக்கு, துவைத்த பருத்தி ஜட்டியைக் கழற்றச் சொல்வதற்குப் பழக்கம் தவிரக் காரணம் சொல்வது கடினம். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு அறுவைப் புண்ணில் தொற்று வராமல் தடுக்க 2019-ல் வெளியிட்ட வழிகாட்டியும், உடை அறுவை நடக்கும் இடத்துக்கும் கேனுலா (ரத்தக்குழாயில் செருகும் சிறு குழாய்) போன்றவை போடும் இடத்துக்கும் எளிதாக வழிவிட வேண்டும் என்கிறது. கூடவே நோயாளியின் வசதியையும் கண்ணியத்தையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது.

கழற்றச் சொல்வது நியாயமாகும் இடங்களும் உண்டு. வயிற்று ஆபரேஷனில் வெட்டு நாலு விரல் அளவானாலும் கிருமிநாசினி மருந்து தடவுவது மார்புக்காம்பு மட்டத்திலிருந்து தொடையின் நடுவரை இருக்கலாம். வெட்டை நீட்ட நேர்ந்தாலோ குழாய் வைக்க நேர்ந்தாலோ அந்த இடம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக. மருந்து வழிந்து இடுப்புப் பட்டியில் ஊறினால் இரண்டு ஆபத்து. ஈரத் துணி உடம்பின் எடையில் அழுந்தி நிற்க, தோல் வெந்ததுபோல் ஆகும். ஆல்கஹால் கலந்த மருந்தானால் இன்னும் மோசம்: அது தோலில் உலரவே குறைந்தது 3 நிமிடம் விட வேண்டும், துணியில் ஊறினால் அதற்குள் உலராது, பக்கத்தில் டையதெர்மி (மின்சாரத்தால் திசுவை வெட்டி ரத்தத்தை நிறுத்தும் கருவி) பொறி பட்டால் தீப்பிடிக்கும். முழங்காலிலும் இதே கதைதான். ரத்த ஓட்டத்தை நிறுத்த மேல் தொடையில் கட்டும் டூர்னிகெட் பட்டைக்கு அடியில் ஜட்டியின் எலாஸ்டிக் சுருண்டால் அழுத்தம் ஒரே கோட்டில் இறங்கும், மருந்தும் அங்கே தேங்கும். நீண்ட ஆபரேஷனில் சிறுநீர்க் குழாய் போட வேண்டும். டையதெர்மி மின்சாரம் உடம்பிலிருந்து திரும்பிப் போகும் பிளேட்டைச் சதைப்பிடிப்பான இடத்தில், பெரும்பாலும் தொடையில், தோலோடு முழுக்க ஒட்ட வேண்டும். துணி ஓரம் அடியில் சிக்கினால் மின்சாரம் ஒரே இடத்தில் குவிந்து சுடும்.

நைலான் உள்ளாடை எந்த ஆபரேஷனுக்கும் வேண்டாம், சூடு பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கம்பி வைத்த பிராவும் வேண்டாம். உலோகம் என்பதோடு, இதயம் நின்றுவிட்டால் அதிர்ச்சி கொடுக்கும் ஒட்டுகளை நொடியில் பதிக்க மார்பு தடையில்லாமல் இருக்க வேண்டும். மார்பு ஆபரேஷனுக்கு முன்திறப்புக் கவுனைக் கேட்கலாம். ஒரு பக்கத்தை மட்டும் விலக்க முடியும்.

கழற்றத்தான் வேண்டும் என்றாலும் எப்போது என்பது தனிக் கேள்வி. மயக்கம் வந்தபின் எடுக்கலாம், விழிக்கும் முன் புதியதை மாட்டலாம். ஒருமுறை போட்டு எறியும் ஜட்டி, வெட்டி எடுத்தாலும் நஷ்டமில்லாதது என்பதால் இதற்கு ஏற்றது. இதை ஸ்ட்ரெச்சரில் ஏறியபின் கேட்டால் பயனில்லை, அங்கே இருப்பவர்களுக்கு விதியை மாற்றும் அதிகாரம் இருக்காது. மயக்க மருந்து மருத்துவர் முன்கூட்டிப் பார்க்கும் நாளில் சொல்லி, ஆபரேஷனுக்கு முந்தைய சரிபார்ப்புத் தாளில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: 'மயக்கம் வரும்வரை உள்ளாடை இருக்கும்; எடுத்தால் விழிக்கும் முன் புதியது போட வேண்டும்.' தாளில் இருப்பது ஷிப்ட் மாறினாலும் கூடவே போகும்.

சூடான காற்று செலுத்தும் கவுன் பலருக்குத் தெரியாத நல்ல பொருள். முழு மயக்கம் கொடுத்த முதல் மணி நேரத்தில் உடலின் உள்வெப்பம் 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும். 36-க்குக் கீழே போனால் ரத்தக்கசிவும் புண்ணில் தொற்றும் கூடும். இந்தக் கவுனில் காற்றறைகள் உண்டு. முன்பக்கத் துளையில் குழாயைச் செருகினால் கவுன் உப்பி உடம்பைச் சூடேற்றும். காலில் ஆபரேஷன் என்றால் மேலுடம்பு கடைசிவரை மூடியே இருக்கும், ஏனென்றால் அந்தக் கவுனைக் கழற்றாமல் இருப்பதில் மருத்துவர்களுக்கும் லாபம். ஊதும் இயந்திரத்துக்குப் பொருந்தும் கவுன்தான் வேண்டும். குழாயை வெறுமனே போர்வைக்கு அடியில் விட்டால் தோல் சுட்டுவிடும்.

தலையையும் கழுத்தையும் மூடும் வழக்கமுள்ளவர்களுக்குச் சாதாரண வலைத்தொப்பி போதாது; காதும் கழுத்தும் வெளியே தெரியும். தோள்வரை இறங்கும், ஒருமுறை போட்டு எறியும் தலையுறை வேண்டும். வாங்கும்போது தாடைக்குக் கீழே வரும் பகுதியைக் கவனியுங்கள். தாடையைத் தூக்கி மூச்சுக்குழாயில் குழாய் இறக்க வேண்டியிருப்பதால், அந்த இடம் இறுக்கமான எலாஸ்டிக்காக இல்லாமல் விலக்கித் திரும்ப மூடும்படி இருக்க வேண்டும். கழுத்து, காது ஆபரேஷனுக்கு இது ஒத்துவராது. குண்டூசியும் உலோகக் கிளிப்பும் கூடவே கூடாது.

எல்லா உடையும் ஒழுங்காக இருந்தும் தோற்றுப்போவது கடைசிப் பத்து நிமிடத்தில். கட்டுப் போட்டு, மேலே விரித்த டிரேப் துணியை உருவியதும், முதலில் போட்டிருந்த கவுன் ஈரமாகவோ ரத்தம் பட்டோ கூடைக்குள் கிடக்கும். மாற்றுக் கவுன் அறைக்குள் இல்லையென்றால் வெறும் போர்வையோடுதான் வெளியே கொண்டுவருவார்கள். விழித்ததும் நோயாளிக்கு முதலில் தெரிவது அதுதான். அதனால் ஒரு கவுன், ஒரு ஜட்டி, தேவையானால் ஒரு தலையுறை, மூன்றையும் பெயர் எழுதிய பையில் போட்டுக் கேஸ் ஷீட்டோடு கட்டி அனுப்புங்கள். கவுன் ஓர் அளவு பெரியதாக இருக்கட்டும், கட்டும் குழாயும் சேர்ந்தால் உடம்பின் சுற்றளவு காலையில் இருந்ததைவிடக் கூடியிருக்கும்.