மார்பக வலியா? கை வைத்துப் பார்க்காமல் எழுதித் தரும் சீட்டை நம்பாதீர்கள்

மார்பில் வலி என்று மருத்துவரிடம் போய் உட்கார்ந்தால் வயதைக் கேட்பார்கள், எத்தனை நாளாக வலிக்கிறது என்பார்கள். இரண்டே நிமிடத்தில் சீட்டு தயார்: மூன்று மாதத்துக்கு வைட்டமின் ஈ மாத்திரை, கூடவே ஈவ்னிங் பிரிம்ரோஸ் என்ற செடியின் விதையெண்ணெய் கேப்சூல். வலி மாதவிலக்கோடு சேர்ந்து வருகிறதா என்று கேட்க மாட்டார்கள். மார்பகத்தையோ அக்குளையோ தொட்டும் பார்க்க மாட்டார்கள். பெண்கள் பலர் பணத்தை இழப்பதும், சிலர் பொன்னான மாதங்களை இழப்பதும் இந்த இடத்தில்தான்.

ஏமாற்று எப்படி எடுபடுகிறது என்று பாருங்கள். மாதவிலக்குக்கு ஒன்றிரண்டு வாரம் முன்பே இரு மார்பகங்களும் கனத்து, மேல் வெளிப்பக்கம் வலித்து, வலி அக்குள் வரை இழுக்கும்; ரத்தப்போக்கு தொடங்கியதும் தணியும். ஹார்மோன் ஏற்ற இறக்கத்தால் வரும் இந்த வலி பலருக்குச் சில மாதங்களில் தானாகவே குறைந்துவிடும். அந்தச் சமயத்தில் எதை விழுங்கியிருந்தாலும் பெயர் அதற்குத்தான் போகும். பிரிம்ரோஸ் எண்ணெய்க்கு மார்பக வலி மருந்தாக இருந்த உரிமத்தை, பலனுக்குப் போதிய சான்று இல்லை என்று பிரிட்டனில் 2002-லேயே திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

'கட்டியைக் கரைக்கும்' பொடியும் தைலமும் இதே கதைதான். மார்பகத்தில் வரும் நீர்க்கட்டி மாதவிலக்கை ஒட்டிப் பெரிதாகும், பிறகு சுருங்கும். கரைந்துவிட்டது என்று நம்பிப் பொடியைத் தொடர்கிறவர்களில், கட்டி உண்மையில் புற்றாக இருக்கும் ஒருத்திக்குத்தான் பேரிழப்பு.

கதிர்வீச்சு இல்லை, வலி இல்லை என்று விற்கப்படும் தெர்மோகிராபி தோலின் வெப்பத்தை மட்டுமே படம் பிடிக்கிறது. அது மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு மாற்று அல்ல என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2019-இல் எச்சரித்தது. சிஏ 15-3 ரத்தப் பரிசோதனையும் புற்றுநோயைத் தொடக்கத்தில் கண்டுபிடிக்க உதவாது. பரிசோதனைத் தொகுப்பில் அதைச் சேர்த்து விற்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சரியான பரிசோதனை இப்படி இருக்கும். படுக்கவைத்து, கையைத் தலைக்கு மேல் தூக்கச் சொல்லி, இரு மார்பகங்களையும் அக்குளையும் கழுத்தெலும்பின் மேற்பகுதியையும் விரல்களால் தடவிப் பார்ப்பார்கள். பிறகு ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். மார்பகம் ஒரு பக்கம் சரிந்ததும் விலா எலும்பை நேரடியாக அழுத்தும்போது "இதே வலிதான்" என்று தோன்றினால், வலி பெரும்பாலும் மார்பகத்தில் இல்லை, நெஞ்சுச் சுவரில் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம், கை போதும். அதையே செய்யாமல் விடுவதுதான் எங்களுக்கு ஆறவில்லை.

கட்டி இல்லாத வெறும் வலி புற்றுநோயாக இருப்பது அரிது. அதற்காக 'வலித்தால் புற்று இல்லை' என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள்; வலிக்கும் புற்றுக்கட்டியும் உண்டு. கட்டி தட்டுப்பட்டாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, காம்பு புதிதாக உள்ளிழுத்துக்கொண்டாலோ, தோல் குழி விழுந்தாலோ, ஒரே இடத்தில் வலி விடாமல் நின்றாலோ தள்ளிப்போடாமல் போங்கள். காம்பில் அரிப்பும் பொருக்கும் களிம்புக்கு ஆறவில்லை என்றாலும் அப்படியே. நெஞ்சை அழுத்தி, தோளுக்கும் தாடைக்கும் பரவி, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்த வலி என்றால் நேரே அவசர சிகிச்சைக்கு.

பால் கொடுக்கும் தாய்மார்கள் படும் பாடு தனி. மார்பகம் சிவந்து காய்ச்சல் வந்தால், பாலை நிறுத்தச் சொல்லி அழுத்திப் பிசைந்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. பிசைந்தால் வீக்கம் கூடும். பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரத்தில் தணியவில்லை என்றால் சீழ் கட்டியிருக்கலாம். அப்போது வேண்டியது அல்ட்ராசவுண்ட், இருந்தால் ஊசியால் சீழை எடுப்பது. அதைச் செய்யாமல் அடுத்த ஆன்டிபயாடிக், அதற்கடுத்தது என்று மாற்றிக்கொண்டே போவார்கள். பால் கொடுக்காத பெண்ணுக்கு மார்பகம் சிவந்து, தோல் ஆரஞ்சுத் தோல்போல் தடித்து, ஒரு சுற்று மருந்துக்கும் மாறாமல் நின்றால் இன்னும் கவனம். அழற்சி வகைப் புற்றுநோய் கட்டியே இல்லாமல் இப்படித்தான் வரும். சதைத்துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி கேளுங்கள்.

மாதவிலக்கோடு வந்து போகும் மார்பக வலிதான் என்று உறுதியானால் செலவு அதிகமில்லை: அளவு சரியான உள்ளாடை, வலி மிகும் நாட்களில் பாராசிட்டமால் அல்லது டைக்ளோஃபெனாக் ஜெல். இரண்டு மூன்று மாதம் எந்தத் தேதியில் எவ்வளவு வலி என்று நாட்காட்டியில் குறித்து வையுங்கள். மருத்துவரிடம் அந்தத் தாளைக் காட்டினால் பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.

கையில் கட்டி தட்டுப்படுகிறது, மேமோகிராமில் ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிட்டார்களா? திரும்பிப் போங்கள். அடர்த்தியான மார்பகத்தில் கட்டி படத்தில் மறைந்துவிடும். அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள், அதிலும் சந்தேகம் தீராவிட்டால் தடித்த ஊசியால் சதைத்துண்டு எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். படத்தையும் அறிக்கையையும் கேட்டு வாங்கி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.