இ-ரீடர் நல்லாத்தான் இருக்கு, ஆனா அடுத்த புக்கை யார் சொல்றது?

இ-ரீடருக்கு, அதான் மின்புத்தகம் படிக்கற கருவிக்கு, இப்ப விலை குறைச்சிருக்காங்க, வாங்கலாமான்னு ஃப்ரெண்ட் ஒருத்தர் கேட்டார், அவருக்கு எழுத ஆரம்பிச்சது நீண்டு போயிடுச்சு. ஸ்பெக் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், அதை விட்டுடறேன். பல வருஷமா என் கையில இருக்கு, கண்ணு வலிக்காது, சார்ஜ் வாரக்கணக்குல நிக்கும், அம்மா எழுத்தைப் பெருசாக்கி வெச்சுக்கிட்டு கண்ணாடி இல்லாமலே படிக்கறாங்க. இதுலயெல்லாம் ஒரு குறையும் இல்ல. என் கோவம் ஒரே இடத்துலதான், அடுத்து என்ன படிக்கலாம்னு அது சொல்ற இடம்.

ஒரு நாவலோட கடைசி வரியைப் படிச்சிட்டு மனசு கனமா இருக்கும்போது பக்கத்தைத் தள்ளினா, உடனே ஸ்டார் போடுங்கன்னு ஒரு கட்டம் வந்து நிக்கும், கீழயே வரிசையா அட்டைப்படங்க. கொஞ்சம் மூச்சு விடக்கூட நேரம் தராது. அட்டையில என்ன இருக்கும்? குதிரை மேல வாளோட ஒரு ராஜா, பக்கத்துல இன்னொரு ராஜா. எப்பவோ ஒரு சரித்திர நாவல் இறக்கினதுக்கு இன்னிக்கு வரைக்கும் இதே கதைதான். நான் சிறுகதை படிச்சாலும் ராஜா, விவசாயம் பத்திப் படிச்சாலும் ராஜா.

ஏன் இப்படின்னு யோசிச்சா காரணம் புரியுது. இந்த மாதிரி சிபாரிசு பெரும்பாலும் 'இதை வாங்கினவங்க வேற எதை வாங்கினாங்க'ங்கற கணக்குலதான் ஓடுது, புக்குக்குள்ள என்ன இருக்குன்னு அதுக்கு அக்கறை இல்ல. வாங்கறவங்களும் ரேட்டிங் போடறவங்களும் லட்சக்கணக்குல இருந்தா அது நல்லா வேலை செய்யும். தமிழ்ல நிறைய புக்குக்கு ரேட்டிங்கே கிடையாது, அப்ப ஏற்கெனவே வித்த பத்து புக்குதான் திரும்பத் திரும்ப மேல வரும். அதுவும் ஒரே நாவல் தமிழ் எழுத்துல ஒரு பேர்ல இருக்கும், இங்கிலீஷ் எழுத்துல ரெண்டு விதமான ஸ்பெல்லிங்ல இருக்கும், வந்த நாலு ரேட்டிங்கும் மூணா பிரிஞ்சு போயிடும். நான் படிச்சு முடிச்ச புக்கையே வேற ஸ்பெல்லிங்ல எனக்கு சிபாரிசு பண்ணிருக்கு, அன்னிக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்ல.

சீர்காழியில பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-லயே நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதி வெச்சார். ரெண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். மூணாவது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதுக்கான வாசகர். இந்த மெஷின் ரெண்டாவதையாவது தட்டுத்தடுமாறி செய்யப் பார்க்குது, மூணாவது விதி பக்கமே போகல. யாரும் தொடாம கிடக்கற ஒரு நல்ல புக்குக்கு ஆள் தேடிக் குடுக்க அதுக்குத் தெரியாது. ரங்கநாதன் இதுக்குத்தான் அலமாரியைப் பூட்டாதீங்க, வாசகன் நேரா போய் எடுக்கட்டும்னு சொன்னார்.

எனக்கு அந்த மூணாவது விதி நடக்கறது எங்க ஏரியா கிளை நூலகத்துல. அலமாரி கூட அப்புறம்தான், முதல்ல நூலகர் மேஜைக்குப் பக்கத்துல திரும்பி வந்த புக்கெல்லாம் குவிஞ்சிருக்கும் பாருங்க, அங்கதான் போவேன். யாரோ படிச்சு முடிச்சு இப்பத்தான் வெச்சிட்டுப் போனது, எந்த வகைன்னு பிரிக்காம கலந்து கிடக்கும். கடைசிப் பக்கத்துல ஒட்டின தேதிச் சீட்டைப் புரட்டிப் பார்த்தா போதும், வருஷக்கணக்குல முத்திரையே விழாம இருந்து திடீர்னு ஒண்ணு விழுந்திருந்தா அதைக் கண்டிப்பா எடுத்துடுவேன். ஏரிப்பாசனம் பத்தின ஒரு பழைய புக் அப்படித்தான் கிடைச்சது. அதுக்கு முன்னாடி படிச்ச நாவல்ல நீர்க்கட்டின்னு ஏரித் தண்ணியைப் பார்த்துக்கற ஆள் ஒருத்தர் வருவார், ராத்திரியில மதகு திறக்கப் போவார், ஊரே அவர் பேச்சைக் கேக்கும், ஏன்னு நாவல்ல சொல்லல. இந்த புக்ல எந்த வயலுக்கு எப்ப எவ்வளவு தண்ணின்னு முறை வெச்சு விடறது அவர் பொறுப்புன்னு மதகு, ஏரி நிறைஞ்சா மிச்சத் தண்ணி வெளிய போற கலிங்கு எல்லாத்தோடயும் விளக்கமா இருந்துச்சு. நாவலைத் திரும்ப எடுத்துப் படிச்சேன், அந்த ராத்திரி அத்தியாயம் வேற மாதிரி இருந்துச்சு. நாவலையும் பாசனத்தையும் எந்த சிபாரிசு கட்டமும் எனக்கு சேர்த்துக் காட்டினதில்ல.

1948-ல மெட்ராஸ்ல பொது நூலகச் சட்டம் வந்ததுக்கும் ரங்கநாதன்தான் முக்கியமான காரணம். சொத்து வரியோட நூலக வரியும் சேர்த்துத்தான் கட்டறோம், அப்புறம் ஏன் போகாம இருக்கணும்?

சரி, தீர்ப்பு. இவ்வளவு நல்லதா சொன்னாலும் இன்னிக்கு கேட்டா வாங்காதீங்கன்னுதான் சொல்லுவேன், நேத்து ராத்திரிகூட அந்த ராஜா வந்து நின்னார். இல்ல, ஆஃபர்ல வாங்கியே தீருவேன்னா செட்டிங்ஸ்ல சிபாரிசை ஆஃப் பண்ற வசதி இருக்கான்னு முதல்ல பாருங்க. எங்க கிளைக்கு வெள்ளிக்கிழமை லீவு, வியாழக்கிழமை சாயங்காலமே போயிடுங்க, மேஜை நிறைஞ்சிருக்கும்.