கோரிப்பாளையமா, தெப்பக்குளமா? மதுரையின் இரு கல்லூரி வளாகங்கள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில், கலை அறிவியல் படிப்பைத் தேர்ந்தெடுக்கும் மதுரை வட்டாரப் பிள்ளைகளின் வீடுகளில் அமெரிக்கன் கல்லூரியா, தியாகராசர் கல்லூரியா என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. பெற்றோர் கட்டணத்தையும் தேர்ச்சியையும் வேலைவாய்ப்பையும் விசாரிக்கிறார்கள், விசாரிக்க வேண்டியவைதான். ஆனால் இரண்டும் தன்னாட்சிக் கல்லூரிகள், இரண்டும் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெற்றுத் தருபவை என்பதால், அவற்றுக்கிடையே உள்ள உண்மையான வேறுபாடு மதிப்பெண் பட்டியலில் தெரிவதில்லை. மூன்று ஆண்டுகளில் வகுப்புக்கு வெளியே கழியும் பொழுது ஒரு மாணவரை எப்படி ஆக்குகிறது என்பதில்தான் அது இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்கன் கல்லூரி 1881இல் பசுமலையில் தொடங்கி, 1909இல் வைகையின் வடகரைக்கு இடம்பெயர்ந்தது. கோரிப்பாளையம் சந்திப்பின் நெரிசலையும் பேருந்து இரைச்சலையும் தாண்டி வாயிலுக்குள் நுழைந்தால், ஹென்றி இர்வின் வடிவமைத்த செங்கல் நிற முதன்மைக் கட்டடமும், அதைச் சுற்றி நிற்கும் முதிர்ந்த மரங்களும் நகரத்தை மறக்கச் செய்கின்றன. அந்த மரநிழலில் வகுப்பு முடிந்த பிறகும் மாணவர்கள் உட்கார்ந்து பேசுவதை நான் இந்தக் கல்லூரியின் பெருஞ்செல்வமாகக் கருதுகிறேன். வாஷ்பர்ன், ஜம்ப்ரோ போன்ற பழைய முதல்வர்களின் பெயர் தாங்கிய விடுதிகள் வெறும் தங்குமிடங்கள் அல்ல. படித்து முடித்துப் பல ஆண்டுகள் ஆனவர்கள்கூடத் துறையின் பெயரைச் சொல்வதற்கு முன் தாங்கள் இருந்த விடுதியின் பெயரைச் சொல்லி அறிமுகமாவதைக் கேட்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து கல்விப்பணி ஆற்றிய டேனியல் பூரின் பெயரில் அமைந்த நூலகமும், இந்தியர்கள் ஆங்கிலத்தில் எழுதிய இலக்கியத்துக்கெனத் தனியாகத் திரட்டப்பட்ட நூல் தொகுப்பும், பேராசிரியரும் கேலிச்சித்திரக் கலைஞருமான ஜெ. வசந்தன் வளர்த்த ஆங்கில நாடக மரபும் சேர்ந்து, இந்த வளாகத்துக்கு ஓர் ஆங்கிலக் காற்றைத் தந்திருக்கின்றன. அதை வைத்து இது தமிழுக்கு அந்நியமான இடம் என்று எண்ணிவிடக் கூடாது. பட்டிமன்றத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்த, 2021இல் பத்மஸ்ரீ பெற்ற சாலமன் பாப்பையா தமிழ் கற்பித்தது இங்கேதான்.

எனினும், தமிழ்வழியில் படித்து, குடும்பத்திலேயே முதல் ஆளாகக் கல்லூரிக்கு வரும் ஒரு மாணவருக்கு இந்தக் காற்று தொடக்கத்தில் கூச்சத்தைத் தரக்கூடும். விடுதியில் தங்குபவர் அறைத் தோழர்களின் துணையால் அதைக் கடந்துவிடுவார். மணி அடித்ததும் ஊர்ப் பேருந்தைப் பிடிக்க ஓட வேண்டியவருக்கோ அந்தத் துணையும் கிடைப்பதில்லை, மாலை நேரத்து ஒத்திகைகளும் விளையாட்டும் கிடைப்பதில்லை.

தியாகராசர் கல்லூரியின் கதை வேறு. ஆலை அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார், தமிழின் மீது கொண்ட பற்றோடு 1949இல் நிறுவிய கல்லூரி இது. ஔவை சு. துரைசாமிப் பிள்ளையும் சி. இலக்குவனாரும் இங்கே பாடம் சொன்னார்கள். அப்துல் ரகுமான், மீரா, நா. காமராசன் ஆகியோர் இங்கே படித்தார்கள். ஒரே கல்லூரியின் வகுப்பறைகளிலிருந்து புதுக்கவிதையின் முதன்மையான குரல்கள் இத்தனை எழுந்தது தற்செயல் அல்ல. சங்கப் பாட்டை உரையோடு ஊன்றிப் படிக்க வைத்த ஆசிரியர்களும், அதைத் தம் காலத்தின் மொழியில் திருப்பிச் சொல்லத் துடித்த இளைஞர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்ததன் விளைவு அது. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர்கள் ஊர்வலம் சென்றபோது மூண்ட மோதல், இந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியாக மாநிலம் முழுவதும் பரவியது. அந்த ஆண்டு இலக்குவனாரும் சிறை சென்றார். மொழி என்பது தேர்வுத்தாளோடு முடிந்துவிடும் பொருள் அல்ல என்ற உணர்வை இந்தக் கல்லூரி அளவுக்குத் தன் வரலாற்றிலேயே வைத்திருக்கும் கல்லூரி தென்மாவட்டங்களில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் புகழ் இன்று வணிகவியலிலோ கணினி அறிவியலிலோ சேரும் மாணவருக்குத் தானாக வந்து சேர்ந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழ்த்துறையின் கூட்டங்களுக்குப் போய் உட்காரும் அளவுக்கு ஆர்வம் இருந்தால் மட்டுமே அது அவருக்குப் பயன்படும். தமிழ்வழியில் படித்து வந்தவர் இங்கே தன் மொழியிலேயே எழுந்து நின்று கேள்வி கேட்கத் தயங்க வேண்டியதில்லை. முதல் ஆண்டில் அந்தத் துணிவு சிறிய உதவி அல்ல. சிவகங்கை, திருப்புவனம் பக்கத்திலிருந்து வருபவர்களுக்கு இடமும் அண்மையானது. கல்லூரிக்கு அருகிலேயே திருமலை நாயக்கர் 1645இல் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளம். வைகைத் தண்ணீர் வந்து நிறைந்திருக்கும் நாள்களில், மாலை வேளையில் அதன் கரைச்சுவரில் அமர்ந்து பேசும் மாணவர் கூட்டத்தைப் பார்க்கலாம். வளாகத்துக்குள் அமெரிக்கன் கல்லூரியின் மரநிழல் தருவதை இவர்களுக்கு வளாகத்துக்கு வெளியே இந்தக் குளம் தருகிறது.

மதுரையின் இரு பெருவிழாக்களும் இவ்விரு வாசல்களையும் ஒட்டியே நடக்கின்றன. தைப்பூசத் தெப்பம் ஒரு பக்கம். சித்திரையில் தல்லாகுளம் வழியே ஆற்றுக்கு இறங்க வரும் அழகர் மறுபக்கம். வெளியூர் மாணவர்கள் இந்த ஊரை அறிந்துகொள்வது இந்தக் கூட்டங்களுக்குள் நடந்துதான்.

விடுதியில் தங்கும் வசதியும், ஆங்கிலத்தோடு பழகும் ஆவலும், மேடையிலோ மைதானத்திலோ ஈடுபாடும் இருப்பவரை நான் தயக்கமின்றி அமெரிக்கன் கல்லூரிக்கு அனுப்புவேன். தமிழை முதன்மைப் பாடமாக எடுப்பவருக்கும், எழுத்தின் மேல் ஆசை உள்ளவருக்கும், அன்றாடம் கிழக்குப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்து திரும்புபவருக்கும் தியாகராசர் கல்லூரியே பொருத்தம். இரண்டு இடங்களிலும் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் உண்டு. ஆகவே விண்ணப்பம் போடும் முன்பே எந்தப் பிரிவில் இடம், வகுப்பு எந்த நேரத்தில் தொடங்கி எந்த நேரத்தில் முடிகிறது, அதற்குப் பிறகு நூலகமும் மைதானமும் திறந்திருக்குமா, ஊருக்குக் கடைசிப் பேருந்து எப்போது என்பவற்றை அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவர் ஒருவரிடம் நேரில் கேட்டுவிட வேண்டும்.