அரசு வக்கீல் வேலைக்குப் பின்: கேசினோவா, பேஸ்பாலா?

மிக்கி பிரவுன், ஃபே வின்சென்ட். இருவரும் அமெரிக்காவில் அரசு வேலை பார்த்த வக்கீல்கள். அந்த வேலையை விட்டபின் யார் போன வழி சிறந்தது?

நியூ ஜெர்சியில் கேசினோக்களைக் கண்காணிக்கும் அமலாக்கப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் பிரவுன். பிறகு அதே தொழிலுக்குள் நுழைந்து, 1990களில் கனெக்டிகட்டில் ஃபாக்ஸ்வுட்ஸ் கேசினோவை நடத்தினார். கேசினோ உரிமம் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்று உள்ளிருந்தே பார்த்தவருக்கு வேறென்ன முதலீடு வேண்டும்?

வின்சென்ட் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையத்திலிருந்து கொலம்பியா பிக்சர்ஸ் என்ற திரைப்பட நிறுவனத்துக்குப் போய், பின்னர் தொழில்முறை பேஸ்பாலின் தலைமை நிர்வாகியான ஆணையர் பதவிக்கு வந்தவர். அவருக்குச் சூதாட்டம்தான் எதிரி. 1989இல் அவர் துணை ஆணையராக இருந்தபோதுதான், பேஸ்பால் ஆட்டங்களில் பந்தயம் கட்டிய பிரபல வீரர் பீட் ரோஸுக்கு நிரந்தரத் தடை வந்தது. அடுத்த ஆண்டு, ஒரு சூதாடிக்கு 40,000 டாலர் கொடுத்த நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் முதலாளி ஸ்டைன்பிரென்னரையே அணி நிர்வாகத்திலிருந்து விலக்கினார். ஆணையரை நியமிப்பதே அணி முதலாளிகள்தான். அவர்களில் ஒருவரைத் தண்டிப்பது சும்மாவா? 1992இல் முதலாளிகளின் ஓட்டெடுப்பில் 18-9 என்று அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது, பதவி விலகினார்.

பணம்தான் கணக்கு என்றால் பிரவுன் போன வழி. என் ஓட்டு வின்சென்ட்டுக்கு. ஆனால் 2018இல் பேஸ்பால் நிர்வாகமே எம்ஜிஎம் கேசினோ நிறுவனத்தோடு கைகோத்துவிட்டது.